மூடியைக் கழட்டுனது யாருங்க?

மாசத்துக்கு ஒருதரமாவது பேப்பர்ல அந்த நாலு வரிச் செய்தி கண்ணுல படுது. ஊர் மாறும், ஆள் மாறும், மெஷின் மாறும். ஒருநாள் தட்டு வெட்டற மெஷின்ல கை. ஒருநாள் ரோட்டவேட்டர்ல கால். இன்னொரு நாள் தறியில விரல். ஆனா கடைசியில வர்ற வார்த்தை மட்டும் மாறறதே இல்லை. கவனக்குறைவு.

டீக்கடையில அதை ஒருத்தர் சத்தமாப் படிப்பார். "கொஞ்சம் பார்த்துப் பண்ணியிருக்கலாம்" என்பார் பக்கத்துல இருக்கறவர். "எல்லாம் விதிங்க" என்பார் மூணாவது ஆள். அத்தோட சரி. அடுத்து பல்லடம் கறிக்கோழி இன்னிக்கு என்ன ரேட்டுன்னு பேச்சு மாறிரும்.

எனக்கு அந்த வார்த்தை மேல கோபம் இருக்கு. சும்மா ஏட்டுக்கோபம் இல்லீங்க. அதே வார்த்தையை நானும் சொல்லியிருக்கேன், என் தோட்டத்துல நடந்ததுக்கு, என் வாயால. பொய்யா.

நாலு வருஷம் ஆச்சு. ஐப்பசி மழை நசநசன்னு பிடிச்சிருந்த நேரம். கட்டுத்தரையில அப்ப ஆறு உருப்படி. கோ-4 புல்லும் சோளத்தட்டும் வெட்டிப் போட 2 எச்.பி. மோட்டார் வச்ச மெஷின். வாங்குனப்ப தட்டு வைக்கற தொட்டியோட உள்பக்கம் ரோலருக்கு மேல ஒரு தகர மூடி இருந்தது. பெல்ட்டுக்கும் கம்பிவலை போட்ட ஒரு கூடு இருந்தது. மழைக்காலத்துல ஈரப்புல்லு ரோலர்ல சுத்திக்கும். ஒவ்வொருதரமும் நாலு போல்ட்டைக் கழட்டி, மூடியைத் தூக்கி, புல்லை எடுத்து, மறுபடி மாட்டணும். பத்து நிமிஷ வேலை. ரெண்டு நாள் பார்த்தேன். மூணாவது நாள் மூடியைக் கழட்டுனவன் திரும்ப மாட்டலை. அது கோழி அடையற மூலையில கிடந்தது.

எங்க தோட்டத்துக்குப் பதினஞ்சு வருஷமா வேலைக்கு வர்ற அக்கா ஒருத்தங்க. அப்ப நாப்பத்தஞ்சு வயசு. அன்னிக்குக் காலையில அவங்கதான் தட்டு வெட்டிட்டு இருந்தாங்க. ஒரு கத்தை நடுவுல சிக்கி நின்னுருச்சு. வழக்கமா எல்லாரும் பண்றதைத்தான் அவங்களும் பண்ணினாங்க. கையில அழுத்தி உள்ள தள்ளினாங்க. ரோலர் புல்லைப் பிடிச்ச கையோட விரலையும் பிடிச்சிருச்சு.

ஸ்விட்ச் எங்க இருந்தது தெரியுங்களா? மோட்டார் ரூம்ல. நாப்பது அடி தள்ளி. நான் கிணத்து மேட்டுல இருந்து ஓடிவந்து, மோட்டார் ரூமுக்குள்ள போய் ஆஃப் பண்ணி, திரும்ப ஓடி வர்றதுக்குள்ள என்ன நடக்கணுமோ அது நடந்து முடிஞ்சிருச்சு. ஆஃப் பண்ணின பிறகும் அந்தப் பெரிய சக்கரம் சுத்திக்கிட்டேதான் இருந்தது. வலது கையில ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போயிருச்சு.

ஆஸ்பத்திரியில எப்படி ஆச்சுன்னு கேட்டாங்க. நான்தான் பதில் சொன்னேன். "கவனிக்காம கையை உட்டுட்டாங்க." படுத்திருந்த அந்த அக்காவும் தலையை ஆட்டினாங்க. "ஆமாங்க, நாந்தானுங்க அசந்துட்டேன்."

அவங்க அப்படிச் சொன்னது எனக்கு அப்ப நிம்மதியா இருந்தது. அதை இன்னிக்கு நினைச்சா வெக்கமா இருக்கு.

சாயந்தரம் தோட்டத்துக்கு வந்தா, கோழி அந்த மூடி மேல உக்காந்திருக்கு.

இனி விஷயத்துக்கு வர்றேன். கவனம், கவனம்னு சொல்றோமே, மனுசனுக்கு எத்தனை நேரம் கவனம் நிக்கும்? காலையில அஞ்சு மணிக்கு எந்திரிச்சு, வீட்டு வேலை முடிச்சு, சோறு கட்டி எடுத்துட்டு வந்து, ரெண்டு மணி நேரம் ஒரே மாதிரி கத்தை கத்தையா வச்சுத் தள்ளற ஒரு ஆளுக்கு ஒரு விநாடி கூட மனசு வேற பக்கம் போகக் கூடாதுன்னு எதிர்பார்க்கறது எந்த ஊர் நியாயம்? பன்னெண்டு மணி நேர ஷிஃப்ட்டுல, விடியக்காலம் மூணு மணிக்கு, ஆறு தறியைப் பார்த்துக்கிட்டு நிக்கற ஒருத்தர்கிட்ட தூக்கம் வரக்கூடாதுன்னு சொல்லலாம். தூக்கம் கேக்குமா?

எங்க அப்புச்சி கவலை ஓட்டினவர். எருது ரெண்டும் வாரியில இறங்கும், ஏறும். ஆள் தடுக்கி விழுந்தா "ஓ... ஓ"ன்னு ஒரு சத்தம் போதும், எருது நின்னுக்கும். எருதுக்குக் கண்ணு இருந்தது, காது இருந்தது. ஆளுடைய கவனம் ஒரு நிமிஷம் தப்புனாலும் எருதோட கவனம் தப்பாது. 1930கள்ல பைக்காரா கரண்ட் வந்து நம்ம பக்கத்துக்கு மில்லும் மோட்டாரும் வந்த பிறகு, அந்த ரெண்டாவது கவனம் போயிருச்சு. மோட்டாருக்குக் கண்ணும் இல்லை, காதும் இல்லை. கத்துனாலும் நிக்காது. எருது நமக்காகப் பார்த்துக்கிட்ட வேலையை இனி வேற ஏதாவது ஒண்ணு பார்க்கணும். மெஷினைச் செஞ்சவன் அதுக்குத்தான் மூடி போட்டான், கூண்டு போட்டான், கைக்கு எட்டற தூரத்துல ஸ்விட்ச் வைன்னு சொன்னான். அதைக் கழட்டிப் போட்டுட்டு, ஆளைப் பார்த்து ஏன் கவனமா இல்லைன்னு கேக்கறோம்.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்க. டிராக்டர் பின்னாடி சுத்தற பிடிஓ ஷாப்ட் நிமிஷத்துக்கு 540 சுத்து. அப்படின்னா விநாடிக்கு 9 சுத்து. மூணு இஞ்ச் தடிமன் ஷாப்ட்டுன்னு வச்சுக்கங்க, ஒரு சுத்துக்கு ஏறக்குறைய 24 சென்டிமீட்டர் துணியைச் சுருட்டும். விநாடிக்கு ரெண்டு மீட்டருக்கு மேல. நாம கட்டற நாலு முழ வேட்டி முழுசும் அதுல சுத்திக்க ஒரு விநாடி கூட வேண்டாம். "ஐயோ"ன்னு வாயைத் திறக்கறதுக்குள்ள முடிஞ்சிரும். இந்த வேகத்தோட எந்தக் கவனம் போட்டி போட முடியும்? அந்த ஷாப்ட் மேல வர்ற பிளாஸ்டிக் குழாய் உறை போட்டி போடும். ஆனா நம்ம ஊர்ல ஓடற டிராக்டர்ல பத்தைப் பார்த்தா எத்தனையில அந்த உறை இருக்கு? நீங்களே நாளைக்கு எண்ணிப் பாருங்க.

சரி, ஏன் கழட்டறோம்? கெட்ட எண்ணத்துல யாரும் கழட்டறதில்லை. அதையும் நேர்மையாச் சொல்லிரணும். சிக்குனதை எடுக்கச் சிரமம்னு கழட்டறோம். கிரீஸ் வைக்கும்போது கழட்டுன மெக்கானிக் மாட்டாமப் போயிடறார், நாமளும் கேக்கறதில்லை. போல்ட் ஒண்ணு தொலைஞ்சிருது. மூடி துருப்பிடிச்சு ஆடுது, சத்தம் போடுது. பழைய மெஷினை வாங்கறப்பவே மூடி இல்லாமத்தான் வருது, "அது இல்லாட்டி ஒண்ணுமில்லீங்க, பார்த்து ஓட்டுனாப் போதும்"னு விக்கறவர் சொல்றார். எல்லாமே சின்னச் சின்னக் காரணம். ஒவ்வொண்ணும் அன்னிக்குச் சரியாத்தான் தெரியும்.

விபத்து நடந்து ரெண்டு வாரம் கழிச்சு வெல்டிங் பட்டறையில மூடியைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். போல்ட்டுக்குப் பதிலா ஒருபக்கம் கீல் வச்சுக் கொடுத்தார். கொக்கியைத் தள்ளினா மேல திறக்கும், விட்டா தானா மூடிக்கும். தட்டுத் தொட்டியை மூணு அடி நீளத்துக்கு இழுத்து, அதுல பாதி தூரம் மூடியும் போட்டார். எட்டி நீட்டினாலும் ரோலருக்குக் கை போகாது. பட்டறை பில்லு 1,800 ரூபாய். மெஷின் பக்கத்துலயே, வேலை செய்யற ஆளுக்குக் கை எட்டற உயரத்துல ஒரு ஸ்விட்ச். அதுக்கு ஒயரோட சேர்த்து இன்னொரு 900. மொத்தம் 2,700 ரூபாய். ரெண்டு விரலுக்கு முன்னாடியே செலவு பண்ணியிருக்க வேண்டிய 2,700 ரூபாய்.

அந்த அக்காவுக்கு நான் என்ன செஞ்சேன்னு கேப்பீங்க. ஆஸ்பத்திரிச் செலவு முழுக்கப் பார்த்தேன். கைச்செலவுக்கு 40,000 ரூபாய் கொடுத்தேன். ஊர்ல எல்லாரும் "நல்ல மனுசன், யார் இந்தக் காலத்துல இவ்வளவு செய்யறாங்க"ன்னு சொன்னாங்க. நானும் அப்படித்தான் நினைச்சுக்கிட்டேன். ஒரு வருஷம் கழிச்சு, வக்கீலுக்குப் படிச்ச எங்க மாமன் மகன் பேச்சுவாக்குல ஒரு கேள்வி கேட்டான். "ஏன் மச்சான், இழப்பீட்டுச் சட்டப்படி கணக்குப் போட்டுப் பார்த்தியா?"

1923-லயே வந்த சட்டம் அது. வேலையில அடிபட்டவங்களுக்கு முதலாளி இழப்பீடு கொடுக்கணும்ங்கற சட்டம். ஃபேக்டரிக்கு மட்டும்னு நான் நினைச்சிருந்தேன். டிராக்டர், கரண்ட்டுல ஓடற மத்த கருவிகளை வச்சு விவசாய வேலை செய்யறவங்களும் அதோட பட்டியல்ல இருக்காங்க. விரல் விரலா விலை போட்டு வச்சிருக்காங்க. கட்டைவிரல் போனா சம்பாதிக்கற சக்தியில 30 சதம் இழப்பு. ஆள்காட்டி விரல் முழுசும் போனா 14. நடுவிரல் 12. மோதிர விரலோ சுண்டு விரலோ 7. ஒரே கையில ரெண்டு விரல் போனா 20. கணக்கு எப்படின்னா, மாசக் கூலியில 60 சதம், அதை வயசுக்குன்னு கொடுத்திருக்கற ஒரு எண்ணால பெருக்கி, அதுல இந்தச் சதவீதம். கூலியை உச்சவரம்பா மாசம் 15,000 வரைக்கும் எடுத்துக்கலாம்னு 2020-ல மாத்தினாங்க. நாப்பத்தஞ்சு வயசுக்கு எண் 169.44. நானே பேனா எடுத்துப் போட்டுப் பார்த்தேன். 9,000 தடவை 169.44. அதுல அஞ்சுல ஒரு பங்கு. 3,04,992 ரூபாய்.

நான் கொடுத்தது நாப்பதாயிரம். தர்மம் பண்ணுன மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கிட்டு.

அதைவிட என்னைச் சுட்டது இன்னொண்ணு. உயிர் போகாத, முழுசா முடங்கிப் போகாத காயத்துக்கு எப்பெல்லாம் முதலாளி தப்பிக்கலாம்னு அதே சட்டத்துல சொல்லியிருக்காங்க. குடிச்சிருந்தா. தெளிவாப் போட்ட பாதுகாப்பு உத்தரவை வேணும்னே மீறியிருந்தா. தொழிலாளியே வேணும்னு காப்பு மூடியைக் கழட்டியிருந்தா. அந்தப் பட்டியல்ல கவனக்குறைவு இல்லீங்க. நூறு வருஷத்துக்கு முன்னாடி, வெள்ளைக்காரன் காலத்துல எழுதினவனுக்கே தெரிஞ்சிருக்கு, மனுசன்னா அசருவான், அதுக்காக அவன் இழப்பீடு போகக் கூடாதுன்னு. தொழிலாளி மூடியைக் கழட்டினா தப்பு அவர் மேல. எங்க தோட்டத்துல கழட்டுனது யாரு? நான். நாம பேப்பர்லயும் டீக்கடையிலயும் ஆஸ்பத்திரியிலயும் சொல்ற அந்த ஒரு வார்த்தைக்குச் சட்டத்துல இடமே இல்லை.

மிச்சப் பணத்தை இப்ப தவணையில கொடுத்துட்டு வர்றேன். பெருமைக்குச் சொல்லலை. இது கடன். நிறையப் பேருக்கு இப்படி ஒரு கடன் இருக்கறதே தெரியாது. வேலைக்கு வர்றவங்களுக்கும் தெரியாது. ரெண்டு வருஷத்துக்குள்ள கேட்டாகணும்ங்கறதும் தெரியாது.

சட்டத்தைப் பத்திப் பேச ஆரம்பிச்சாச்சு, இன்னும் ரெண்டு சொல்லிர்றேன்.

பசுமைப் புரட்சி வந்தப்ப வடக்க பஞ்சாப், ஹரியானா பக்கம் கோதுமைக் கதிரடிக்கற மெஷின் ஊர் ஊருக்கு வந்தது. கூடவே கை போன ஆளுகளும் ஊர் ஊருக்கு ஆனாங்க. அதனால 1983-ல அபாயகரமான மெஷின்களை ஒழுங்குபடுத்த மத்திய அரசு தனிச் சட்டமே போட்டது. கதிரடிக்கற மெஷினை அதுல பேர் சொல்லிச் சேர்த்தாங்க. தரத்துக்குச் செய்யணும், ஓட்டறவங்களுக்கு விளக்கப் புத்தகம் கொடுக்கணும், அடிபட்டா இழப்பீடு. கிராமத்து மெஷினுக்குன்னே வந்த சட்டம். நாப்பது வருஷத்துக்கு மேல ஆச்சு. பல்லடம் சந்தையில நின்னு நூறு விவசாயிகளைக் கேளுங்க, அப்படி ஒரு சட்டம் இருக்கறது எத்தனை பேருக்குத் தெரியும்னு. எனக்கே கை போன பிறகுதான் தெரிஞ்சது. அதுவும் அடுத்தவங்க கை.

ரெண்டாவது, 1948-ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டம். சுத்தற பாகத்துக்கெல்லாம் வேலி போடணும், பெல்ட்டுக்குக் காப்பு வேணும், கரண்டை நிறுத்த வசதி வேணும்னு அதுல வரிவரியா இருந்தது. ஆனா கரண்ட் வச்சு நடக்கற இடத்துல பத்துப் பேர் வேலை செஞ்சாத்தான் அந்தச் சட்டப்படி அது ஃபேக்டரியா இருந்தது. நம்ம பக்கத்துல தோட்டத்து ஓரமா ஒரு குடோன் கட்டி, ஆறு தறி எட்டுத் தறி போட்டு, மூணு பேர் நாலு பேர் ஓட்டறதுதானே அதிகம்? பத்துக்குள்ள வராது. 2020-ல பார்லிமெண்ட்ல நிறைவேத்துன புதுத் தொகுப்புச் சட்டம் அந்தப் பத்தை இருபது ஆக்கிருச்சு. ஓட்டை இன்னும் பெரிசாச்சு. ஆனா விரலுக்குத் தெரியுமா அந்தக் குடோன்ல ஒன்பது பேரா பத்துப் பேரான்னு? நாடா தெறிச்சு வந்து கண்ணுல அடிக்கும்போது தலையை எண்ணிப் பார்த்துட்டா வரும்?

"எல்லாச் செலவையும் நம்ம தலையிலயே கட்டுனா எப்படிங்க? தறிக்கூலி ஏத்தித் தர மாட்டேங்கறாங்க, பால் விலை கட்டலை, தேங்காய் விலை ஒருநாள் ஏறுது ஒருநாள் விழுது" என்று கேக்கறவங்க இருக்கீங்க. உண்மைதான். கூலி நெசவு செய்யறவங்க கூலிக்காக எத்தனை தடவை தறியை நிறுத்திப் போராட்டம் பண்ணியிருக்காங்கன்னு இந்தப் பக்கத்துல எல்லாருக்கும் தெரியும். அவங்க கஷ்டம் பொய் இல்லை. ஆனா ஒரு கேள்வி. அதே குடோன்ல கரண்ட் மீட்டருக்குக் கம்பிக்கதவு போட்டுப் பூட்டி வச்சிருக்கோம். தோட்டத்து மோட்டார் ஒயரைத் திருடாம இருக்க ரூம் கட்டிப் பூட்டு போட்டிருக்கோம். பொருளுக்கு வேலி போடப் பணம் இருக்கு. அதே ரூம்ல நிக்கற ஆளோட கைக்கு ஒரு கூண்டு போட மட்டும் விலை கட்டலையா?

"நாங்க முப்பது வருஷமா இப்படித்தானுங்க ஓட்டறோம், ஒண்ணும் ஆகலை" என்பாங்க சிலர். நானும் சொல்லியிருக்கேன். பதினஞ்சு வருஷம் ஒண்ணும் ஆகலைங்கறது மெஷின் நல்லா இருக்குன்னு அர்த்தம் இல்லை. பதினஞ்சு வருஷம் அந்த அக்கா கவனமா இருந்திருக்காங்கன்னு அர்த்தம். அதுக்கு நான் ஒருநாளும் நன்றி சொன்னதில்லை. ஒருநாள் தப்புனதும் குறை மட்டும் சொன்னேன்.

"வடக்கத்திப் பசங்க, சொன்னாக் கேக்கறதில்லைங்க." எந்த மொழியில சொன்னீங்க? ஒடியாவோ இந்தியோ தெரிஞ்ச பையனுக்குத் தமிழ்ல "டேய் பார்த்துடா"ன்னு சொல்றது சொன்னதுக்குக் கணக்கா? மெஷின் பக்கத்துல கூட்டிட்டுப் போய், கரண்டை நிறுத்தி, இங்க கை வைக்காதே, இதுதான் ஸ்விட்ச், இப்படித்தான் நிறுத்தணும்னு கையால காட்டிக் கொடுக்க அரை மணி நேரம் ஆகும். அந்த அரை மணி நேரத்தை எத்தனை பேர் கொடுக்கறோம்?

ஒரு வெளிநாட்டுக் கதையும் சொல்லணும். ஸ்வீடன்ல டிராக்டர் கவிழ்ந்து விவசாயிங்க அடியில மாட்டிச் சாகறது அதிகமா இருந்தது. அவங்க கவனமா ஓட்டுங்கன்னு போஸ்டர் ஒட்டறதோட நிறுத்திக்கலை. 1959-ல இருந்து புதுசா விக்கற டிராக்டர்ல, கவிழ்ந்தாலும் ஓட்டறவரை நசுக்காத மாதிரி பலமான கூண்டுச் சட்டம் இருந்தே ஆகணும்னு விதி போட்டாங்க. அப்புறம் பழைய டிராக்டருக்கும் கொண்டு வந்தாங்க. கவிழ்ந்து சாகறது வருஷம் போகப் போக மிகக் குறைஞ்சு போச்சு. அந்த நாட்டு விவசாயி திடீர்னு நம்மளைவிடக் கவனசாலி ஆயிட்டாரா? இல்லை, வண்டி மாறுச்சு.

நம்ம ஊருக்கு அந்தத் திறமை இல்லையா? நாட்டுலயே முதல் மின்மோட்டாரை 1937-ல செஞ்ச ஊரு கோயமுத்தூரு. ஜி.டி. நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் வாழ்ந்த ஊரு. எந்தச் சந்துல திரும்பினாலும் லேத் இருக்கு, ஃபவுண்டரி இருக்கு. பம்புக்கு உலகம் பூரா நம்ம பேரு. அதே கோயமுத்தூர்லதான் கங்கா மருத்துவமனை டாக்டர் ராஜ சபாபதி மாதிரி துண்டான கையை ஒட்ட வைக்கறதுல உலகம் அறிஞ்ச டாக்டருங்க இருக்காங்க. நமக்கு அதுவும் பெருமைதான். ஆனா ஒருநாள் யோசிச்சுப் பாருங்க, மில்லும் பட்டறையும் பிரஸ்ஸும் தோட்டத்து மெஷினும் இத்தனை இருக்கற நம்ம பக்கத்துக்கு அந்த வைத்தியம் எவ்வளவு தேவைப்படுதுன்னு. மோட்டார் செய்யத் தெரிஞ்ச ஊருக்கு ஒரு மூடி செய்யத் தெரியாதா?

அரசாங்கத்துக்கும் ஒண்ணு சொல்லணும். வேளாண்மைப் பொறியியல் துறை மூலமா மெஷினுக்கு மானியம் கொடுக்கறீங்க. சிறு குறு விவசாயிக்கும் பெண்களுக்கும் 50 சதம், மத்தவங்களுக்கு 40 சதம். நல்ல விஷயம், நானும் வாங்கியிருக்கேன். மெஷினோட விவசாயியை நிக்க வச்சு போட்டோ எடுக்கறீங்களே, அந்தப் போட்டோவுல மூடி இருக்கான்னு பாருங்க. ஆறு மாசம் கழிச்சு ஒருதரம் வந்து இன்னும் இருக்கான்னும் பாருங்க. மூடி இல்லாத மெஷினை விக்கற கடைக்கு மானியப் பட்டியல்ல இடம் கொடுக்காதீங்க. இதுக்குப் புதுச் சட்டம் எதுவும் வேண்டாம்.

அரசாங்கம் வர்ற வரைக்கும் நாம காத்திருக்க வேண்டியதில்லை. நான் இப்ப என் தோட்டத்துல கடைப்பிடிக்கறதைச் சொல்றேன். இதுல ஒண்ணும் பெரிய வித்தை இல்லை.

மூடி இல்லாம மெஷின் ஓடாது. மூடி உடைஞ்சா அன்னிக்கு அருவாளை வச்சுத் தட்டு வெட்டுவோம். மாடு கொஞ்சம் கத்தும், பரவாயில்லை.

சிக்குனதை எடுக்கறதுக்கு முன்னாடி ஸ்விட்ச் ஆஃப். சக்கரம் முழுசா நிக்கற வரைக்கும் கை போகக் கூடாது. கை வச்சுத் தள்ளவே கூடாது, அதுக்குன்னு ஒரு முருங்கைக் கட்டை பக்கத்துலயே கட்டி வச்சிருக்கேன். கட்டை போனா போகட்டும்.

பெல்ட் மாத்தறது, கிரீஸ் வைக்கறது, பிளேடு தீட்டறது எதுவானாலும் ஃபியூஸைப் பிடுங்கி, வேலை செய்யறவர் தன் மடியில வச்சுக்கணும். வேற யார் கையிலயும் கொடுக்கக் கூடாது. இது எதுக்குன்னா, நம்ம தோட்டத்துல பாதிப் பேர் கிணத்து மோட்டாருக்கு ஆட்டோ ஸ்டார்ட்டர் வச்சிருக்கோம். மூணு பேஸ் கரண்ட் வந்ததும் தானா ஓட ஆரம்பிச்சிரும். பக்கத்துத் தோட்டத்து மாமன் கரண்ட் இல்லைன்னு நம்பி பெல்ட்டுல கை வச்சுக்கிட்டு இருந்தப்பக் கரண்ட் வந்துருச்சு. சட்டைக்கை கிழிஞ்சதோட தப்பிச்சார். இப்ப போன்ல மோட்டார் போடற வசதியும் வந்திருச்சு. வீட்டுல உக்காந்து மகன் பட்டனை அமுக்குவான், கிணத்து மேட்டுல அப்பன் மோட்டார் பக்கத்துல குனிஞ்சிருப்பார். ஃபியூஸ் மடியில இருந்தா எவன் எங்க இருந்து அமுக்குனாலும் ஓடாது.

சேலை முந்தானை, தோள்ல போட்ட துண்டு, அவிழ்ந்து தொங்கற வேட்டி, பின்னாத முடி, இது நாலும் சுத்தற பாகம் பக்கத்துல வரக் கூடாது. நம்ம பக்கத்துப் பொம்பளையாளுக காட்டு வேலைக்குச் சேலை மேல ஆம்பளைச் சட்டை போட்டுக்கிட்டு வர்றாங்க இல்லீங்களா, அது எவ்வளவு நல்ல ஏற்பாடு. பட்டனைப் போட்டு, கையை முழங்கைக்கு மேல இறுக்கமா மடிச்சு விட்டுக்கணும், அவ்வளவுதான். குழந்தைகளை மெஷின் பக்கம் விடவே கூடாது.

இத்தனைக்கும் மேல ஒரு விரல் துண்டாயிட்டா, பதறாம அதைத் தேடி எடுங்க. சுத்தமான ஈரத்துணியில சுத்தி, பிளாஸ்டிக் கவர்ல போட்டு இறுக்கிக் கட்டி, அந்தக் கவரை ஐஸ்ல வைங்க. விரலை நேரா ஐஸ்ல போட்டுறாதீங்க, கெட்டுப்போயிரும். காயத்தைத் துணி வச்சு அழுத்திப் பிடிச்சு, கையை மேல தூக்கினபடியே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க. அன்னிக்கு எனக்கு இது தெரியலை. புல்லோட புல்லா நசுங்கிப் போனதால எடுத்திருந்தாலும் ஒட்டியிருக்காதுன்னு பின்னாடி டாக்டர் சொன்னார். ஆனாலும் நான் தேடக்கூட இல்லைங்கறது மனசுல இருக்கு.

ஆயுத பூஜை வருது. வருஷத்துல எல்லா மெஷினும் ஒண்ணா நிக்கற நாள் அது ஒண்ணுதான். தறி நிக்கும், லேத் நிக்கும், டிராக்டர் நிக்கும். துடைச்சு, எண்ணெய் விட்டு, சந்தனம் குங்குமம் வச்சு, பூசணிக்காய் சுத்தி உடைப்போம். சாமி கும்பிடுங்க, வேண்டாம்னு சொல்லலை. ஆனா பொட்டு வைக்கறதுக்கு முன்னாடி ஒவ்வொரு மெஷினையும் ஒருதரம் சுத்தி வாங்க. எங்கெல்லாம் மூடி இருக்க வேண்டிய இடத்துல நாலு வெறும் போல்ட் ஓட்டை தெரியுதோ, அதை எழுதி வைங்க. பழைய மூடி வீட்டு மூலையில எங்காவது கிடக்கும், தேடிப் பாருங்க. இல்லைன்னா பட்டறைக்குப் போங்க. மூடி மாட்டுன மெஷினுக்குத்தான் பொட்டுன்னு ஒரு வழக்கம் வச்சுக்கிட்டா என்ன?

அந்த அக்கா இன்னும் எங்க தோட்டத்துக்கு வர்றாங்க. தட்டு வெட்டற வேலைக்கு இல்லை, இப்ப பூப்பறிக்கத்தான். மூணு விரல்லயும் மல்லிகை பறிக்கறாங்க, முன்ன மாதிரி வேகம் இல்லை. போன வாரம் மெஷின் பக்கத்துல நின்னு புது மூடியைத் திறந்து மூடிப் பார்த்தாங்க. "இது அப்பவே இருந்திருந்தாச் சரியா இருந்திருக்குமுங்க, இல்லீங்களா?"ன்னாங்க. கோபமாக் கேக்கலை. சும்மா கேட்டாங்க.

"ஆமாங்க அக்கா. கழட்டுனது நான்தான்"னு அன்னிக்குத்தான் முதல்தடவை அவங்ககிட்ட வாய்விட்டுச் சொன்னேன்.